ஈர்க்குக் கட்டும் சிவப்பு மையும்

ஆண்டுக்கு ஒரு முறை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு பெரிய உத்தியோகஸ்தரிடம் கையெழுத்து வாங்கி பென்ஷன் ஆபீசுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. நேரில் போய் நின்றால் போதாது. நிற்பவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அவன் நிற்பது சாட்சியாகாது. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எழுதப்படாதது நடக்கவில்லை என்ற இந்தச் சித்தாந்தத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்லித்தான் முப்பது வருஷத்துக்கு மேல் நானும் சோறு தின்றேன். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, நான் எழுதி வைத்தது ஒன்றும் நடக்கவில்லை என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுத வைத்தவர்கள் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரரும், புன்னக்காயலில் இருந்த ஒரு துறைமுக எழுத்தரும். இருவருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. அதற்கான படிவம் சர்க்கார் கச்சேரியில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். எனக்குச் சொந்த ஊர் தச்சநல்லூர். பாளையங்கோட்டையில் எப்.ஏ. முடித்து, ஆற்றின் கீழ்க்கோடியில் ஒரு சின்னக் கச்சேரியில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அங்கிருந்து தாமிரபரணி கடலில் விழுவதற்கு நடை தூரந்தான். தற்காலிகம் என்றால், ஒரு சின்னத் தவறு போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்று அர்த்தம். ஊரிலோ என் தாயார் நான் தாசில்தாராகிவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கச்சேரி முற்றத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலையில் அதில் விழுந்த மழையை அளந்து எழுதுவது என் வேலை. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் ஒன்றும் விழாது. ஒன்றும் விழவில்லை என்பதையும் அளந்துதான் எழுத வேண்டும். நான் அதைப் பிசகாமல் செய்தேன். விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். எந்த மை, எத்தனை நகல், பிழை திருத்தினால் கையெழுத்து எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் தலைமைக் குமாஸ்தாவே எழுதுவார். கேட்டதாக மட்டும் காட்டிக்கொள்ள மாட்டார்.

அந்த வருஷம் விவசாய இலாகாவிலிருந்து ஒரு துரை வந்தார். ஆற்றோரக் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடி வாடிச் சாகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க வந்திருந்தார். கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். வரிசை வரிசையாக அகத்தி, அகத்தியைப் பற்றி ஏறும் கொடி, பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும் ஓடைகள், சுற்றிலும் ஓலை வேலி. வெளியே கல் சுடுகிற வெயிலிலும் உள்ளே போனால் உடம்பு சிலிர்க்கும். அந்தக் குளிர்தான், காற்று ஓடாத அந்த ஈரந்தான் நோய்க்குக் காரணம் என்று துரை நினைத்தார். நினைத்ததை அளந்து நிரூபிக்க வேண்டும் என்றும் நினைத்தார். இந்த இரண்டாவது பழக்கம் உத்தியோகஸ்தர்களில் அபூர்வம் என்பதால் அவர்மேல் எனக்கு உடனே மரியாதை வந்தது.

இரண்டு மரப்பெட்டிகள் வந்தன. வெயில் படாமல் காற்று மட்டும் நுழையும்படி நான்கு பக்கமும் சாய்ந்த பலகை அடித்தவை. ஒவ்வொன்றிலும் இரண்டு உஷ்ணமானிகள். ஒன்று சாதாரணமானது, அதை உலர்குண்டு என்போம். மற்றதன் அடிக்குண்டில் மெல்லிய துணி சுற்றி, துணியின் நுனி ஒரு கிண்ணம் தண்ணீரில் கிடக்கும், அது ஈரக்குண்டு. காற்று வறண்டிருந்தால் ஈரக்குண்டு வெகுவாகக் கீழே இறங்கி நிற்கும். காற்றே நனைந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் காற்றின் ஈரம் தெரிந்துவிடும். ஒரு பெட்டி கச்சேரி முற்றத்தில், ஒரு பெட்டி அரை மைலுக்குள் இருந்த ஒரு கொடிக்காலின் நடுவில். கச்சேரியில் ஏழரைக்கு, கொடிக்காலில் எட்டுக்கு, நான் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

கொடிக்கால்காரர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, காதில் கடுக்கன், நாக்கில் முள். முந்தின வருஷம் இரண்டு வரிசைக் கொடி அவருக்குப் பட்டுப்போயிருந்தது. மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையில், இலாகா சொல்கிறபடி நடப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். முதல் நாள் நான் வேலிப் படலைத் திறந்ததும் குறுக்கே வந்து நின்றார்.

"செருப்ப அங்கன விடும். குளிச்சாச்சா?"

"காலையிலேயே குளிச்சாச்சு அண்ணாச்சி."

"அது உம்ம வீட்டுக் குளியல். வாற வழியில கச்சேரி வேற இருக்குல்லா. வாய்க்கால்ல ஒரு முங்கு போட்டுட்டு வாரும். குளிக்காம நுழைஞ்சா கொடி தாங்காது."

"துரையும் முங்கிட்டுத்தான் வந்தாரா?"

"துரை பூட்ஸ கழத்தமாட்டேன்னு வேலிக்கு அங்கிட்டே நின்னுட்டாரு. பெட்டிய மாட்டினது நானாக்கும்."

ஆகவே தினமும் வாய்க்காலில் முங்கி, வேட்டியையும் துண்டையும் பிழிந்து, பிழிந்ததையே கட்டிக்கொண்டு உள்ளே போவேன். மாற்று வேட்டி கொண்டுபோகிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. கொடிக்காலில் வேலை செய்கிறவர்கள் விடிவதற்கு முன்பே முங்கிவிட்டு, உடம்போடு துணியும் காய வேலை பார்ப்பார்கள். பெட்டியைத் திறந்தால் சில நாள் இலையிலிருந்து சொட்டிய நீர் உலர்குண்டின்மேல் முத்து முத்தாக நிற்கும். அப்படி நின்றால் மென்மையான சுத்தத் துணியால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் நீர் நின்றாலும் நிற்காவிட்டாலும் துடைத்தேன். தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்து, பிறந்த குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்து, உடனே பார்த்து எழுதினேன். விதியை நிறைவேற்றுவதில் எனக்கு அப்படி ஒரு சுகம்.

புன்னக்காயல் எழுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே தோணிகள் வந்துபோகும் துறையில் அவர் காற்றின் திசையையும் வெயிலையும் எழுதி வந்தார். கடலோரத்துக் கத்தோலிக்கர். கச்சேரிக் கடிகாரம் ஒரு தடவை நின்றுபோனபோது நேரம் வாங்கப் போய், அவரோடு பழக்கமானேன். அவரிடமும் எங்களுடையதைப் போலவே ஒரு ஜோடி உஷ்ணமானி இருந்தது. அவர் முதல் கேள்வியே இதுதான்: "இங்கன மேக்கேருந்து கச்சான் காத்து அடிச்சா ஈரக்குண்டு கிணத்துல விழுந்த வாளி மாதிரி இறங்குது. உமக்கு அங்கன எப்படிவே?" எனக்கு அங்கே எப்படி என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. தலைமைக் கச்சேரிக்கு எண்களை அனுப்புவேன்; பெற்றுக்கொண்டோம் என்று ஒரு சீட்டு வரும். எண்களைப் படித்தவர்கள் யாரும் உண்டா என்று அந்தச் சீட்டில் இருக்காது.

அன்றிலிருந்து வாரம் ஒரு முறை அவர் எண்கள் எனக்கு வரும், என் எண்கள் அவருக்குப் போகும். கொண்டுவருவது அவர் தெருவிலிருந்து கூடை சுமந்து வரும் ஒரு மீன்கார அம்மாள். அவருடைய சீட்டுகள் எல்லாம் சாளைமீன் வாடை அடிக்கும். இது விதிக்கு விரோதம். அளவுகளை மேலதிகாரிக்கு மட்டுமே அனுப்பலாம். பக்கத்து ஆபீசுக்குக் காட்டக் கூடாது. எனக்குத் தெரிந்தே நான் மீறிய முதல் விதி அது. சைவ வீட்டுப் பிள்ளையின் சட்டைப் பையில் மீன் வாடை வருவதைப் பார்த்து வாடகை வீட்டு ஆச்சி என்னைப் பற்றி வேறு என்னவோ முடிவுக்கு வந்திருந்தாள்.

தை, மாசி, பங்குனி போயின. என் எண்கள் அழகாக இருந்தன. கச்சேரி முற்றத்தில் இரண்டு குண்டுகளுக்கும் நடுவே நல்ல இடைவெளி. கொடிக்காலில் இடைவெளியே கிடையாது, தலைமுடி பிளந்த மாதிரி. துரை நினைத்ததற்கு எள்ளளவும் குறையாமல் என் பதிவேடு சாட்சி சொன்னது. பங்குனிக் கடைசியில் உத்தரவு வந்தது. கொடிக்காலின் காற்று முழுக்க நனைந்து கிடப்பதால், அகத்தியில் பாதியை வெட்டிக் காற்றும் வெயிலும் நுழையச் செய்ய வேண்டும். சித்திரை பத்தாம் தேதிக்குள், அளவு எடுப்பவரின் முன்னிலையில். உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடிக்கால்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அகத்தியை அண்ணாந்து பார்த்தார்.

"ஐப்பசியில வெட்டச் சொன்னா வெட்டுதேன். வருசா வருசம் நானே கழிக்கத்தான் செய்யுதேன். சித்திரை வெயில்ல குடையப் புடுங்கச் சொன்னா கொடி என்னத்துக்குவே ஆவும்? மூணே நாளு. கருகிரும்."

"துரை எண்களை வச்சுத்தான் சொல்லுதாரு அண்ணாச்சி. காத்துல ஈரம் அதிகம்."

"ஈரம் இருக்கத்தான் செய்யும். அதுக்குத்தான கொடிக்கால். கையெழுத்துப் போட்டுட்டேன், வெட்டுதேன். ஆனா உம்ம பெட்டி சொல்லுதத என் தோலு சொல்லல. அம்புட்டுதான்."

கொடிக்கால்காரரின் தோலைச் சாட்சியாக ஏற்க எந்த விதியிலும் இடமில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்று மாதம் தினமும் முங்கி ஈர வேட்டியோடு நின்றதன் பலன் சித்திரை பிறந்ததும் தெரிந்தது. காய்ச்சல். வைத்தியர் குளிக்கக் கூடாது என்றார். குளிக்காமல் கொடிக்காலுக்குள் போக முடியாது. நான்கு நாள் அளவு விட்டுப்போனால் பதிவேட்டில் நான்கு வெற்றுக் கட்டம். அதை நினைத்தே காய்ச்சல் ஒரு டிகிரி ஏறியிருக்கும். கொடிக்கால்காரருக்குச் சொல்லி அனுப்பினேன்: எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து பாதரசம் எதுவரை நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அவருக்குத் தமிழ் எழுத்து வரும். கண்ணாடியில் பொறித்திருந்த இங்கிலீஷ் எண் வராது. அவர் ஒரு வழி செய்தார். தென்னை ஈர்க்கைக் கண்ணாடிக்குழாயோடு சேர்த்து நிறுத்தி, பாதரசத்தின் தலை எங்கே நிற்கிறதோ அங்கே ஒடித்தார். நாளுக்கு இரண்டு ஈர்க்கு. உலர்குண்டுக்கு நீளம், ஈரக்குண்டுக்குக் குட்டை. வெற்றிலைக் கவுளி கட்டுகிற அதே வாழைநாரால் ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகக் கட்டி அனுப்பினார்.

ஐந்தாம் நாள் தெம்பு வந்ததும் அவற்றைக் கச்சேரிப் பெட்டியின் குழாயோடு வைத்து அளந்தேன். நான்கு கட்டிலும் உலர்குண்டு, நான் எப்போதும் எழுதுவதைவிட ஒரு விரற்கடை உயரம். கச்சேரி முற்றத்து இடைவெளி அளவுக்கு இல்லாவிட்டாலும், நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி. எனக்குக் கோபம் வந்தது. எட்டு ஈர்க்கையும் எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, எட்டு மணிக்குப் பார்த்தீங்களா, உச்சிப் பொழுதுல பார்த்தீங்களா?"

"கோயில் மணி அடிச்ச உடனே பார்த்தேன். ஏன்வே?"

"ஈர்க்கு எல்லாம் தப்பா இருக்கு."

"ஈர்க்குக்குத் தப்பத் தெரியாது. அது பள்ளிக்கூடம் போகல."

வெயில் திடீரென்று மாறியிருக்கலாம், காற்று வறண்டிருக்கலாம் என்று எண்ணிப் புன்னக்காயலுக்குச் சீட்டு அனுப்பினேன். மறுநாள் மீன்கூடையில் பதில் வந்தது. நான்கு நாளின் எண்களும், அதற்கு முந்தின பத்து நாளின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில். எல்லாம் ஒரே மாதிரி. கீழே ஒரு வரி: "பதினாலு நாளும் கொண்டல் காத்துதான், மாத்தமே இல்ல. காய்ச்சல் உமக்குத்தான் வே, காத்துக்கு இல்ல." கச்சேரி முற்றத்து எண்களும் அதையே சொல்லின, தலைமைக் குமாஸ்தா எனக்குப் பதிலாக அவற்றை ஒழுங்காக எழுதியிருந்தார்.

காற்று மாறவில்லை என்றால் மாறியது ஆள்தான். ஆனால் அப்போதும் தப்பு கொடிக்கால்காரரிடம் இருக்கும் என்றே நினைத்தேன். மறுநாள் எட்டு மணிக்கு முங்கிவிட்டு உள்ளே போனேன். அவர் பெட்டியருகே ஒரு ஈர்க்கை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போலத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு குண்டும் பழையபடி ஒட்டிக்கொண்டு நின்றன.

"பாருங்க அண்ணாச்சி. இடைவெளியே இல்ல."

அவர் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த ஈர்க்கை வைத்துப் பார்த்தார். ஈர்க்கு நீண்டு நின்றது.

"இது இப்பதான், நீரு படலைத் திறக்கும்போது ஒடிச்சேன். நீரு கிட்ட வந்ததும் சுருங்கிட்டு. பாதரசத்துக்கு உம்மக் கண்டா பயம் போல." பிறகு என் கையைப் பார்த்தார். "ஆமா, அத எதுக்கு வே நனைக்கீரு?"

"நனைக்கல. துடைக்கேன்."

"ஈரத் துண்டாலயா?"

துண்டின் நுனியிலிருந்து ஒரு சொட்டு என் கால் பெருவிரலில் விழுந்தது. அதற்கு முன்பும் எத்தனையோ நாள் விழுந்திருக்கும்.

விளக்க வேண்டியதில்லை. உலர்குண்டை நான் தினமும் காலையில் என் கையாலேயே இன்னொரு ஈரக்குண்டாக்கி, இரண்டும் ஒன்றாக இருக்கின்றன என்று நல்ல கையெழுத்தில் எழுதி வந்திருக்கிறேன். விதியை எழுதியவர் குளித்த துணியோடு யாரும் வேலைக்கு வருவார்கள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சுத்தமான துணி என்று மட்டும் எழுதியிருந்தார். என் துண்டைவிடச் சுத்தமான துணி அந்த ஜில்லாவில் கிடையாது. தினமும் தாமிரபரணி வாய்க்காலில் அலசியது.

வெட்டு நாளுக்கு மூன்று நாள் இருந்தது. தலைமைக் குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் மூக்குப்பொடியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"ஏலே, நாளையிலேர்ந்து காஞ்ச துண்டக் கொண்டு போ. முடிஞ்சுது. எழுதினத எதுக்குக் கிளறுதே? பொய்க் கணக்கு எழுதினான்னு ஒரு வார்த்தை மேல போச்சுன்னா உன்ன நிரந்தரமாக்க மாட்டான். உங்கம்மைக்கு என்ன சொல்லுவே?"

"பொய் இல்ல சார். பிசகு."

"பதிவேட்டுல அதுக்கு ரெண்டு பத்தி தனித்தனியாவா இருக்கு?"

இல்லை. அது எனக்கும் தெரியும். அவர் கெட்ட மனிதர் அல்ல. எனக்கு நல்லது என்று நினைத்ததைத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் கொடிக்கால் பக்கம் போனேன். கொடிக்கால்காரர் வரப்பில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். துரைக்கு எழுதினால் உத்தரவு நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றேன்.

"எழுதினா உம்ம வேலை போயிருமோ?"

"போகலாம்."

அவர் கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப எழுதாதேயும். நான் வெட்டிட்டுப் போறேன். கொடி போனா அடுத்த வருசம் வேற கொடி வைப்பேன். நீரு எங்க போயி வேற வேலை வைப்பீரு?"

அவர் என்னைக் கெஞ்சியிருந்தால், திட்டியிருந்தால், ஒருவேளை நான் எழுதாமல் இருந்திருப்பேன். கெஞ்சுகிறவர்களுக்கு என்ன பதில் என்பது கச்சேரியில் முதல் வாரமே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். இதற்குப் பதில் யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் சிவப்பு மை எடுத்தேன். பதிவேட்டில் ஒன்றைத் திருத்தினால் பழைய எழுத்து கீழே தெரியும்படி ஒரே கோடாக அடிக்க வேண்டும். மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். சரியானது எது என்று எனக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு நாளுக்கும் "நம்பத்தக்கதல்ல" என்று எழுதினேன். தையிலிருந்து பங்குனி முடிய ஒவ்வொரு நாளுக்கும். முடிந்தபோது பதிவேடு பிள்ளை பெற்றவள் வீட்டுக் கொடியில் சிவப்புக் கறையோடு கிடக்கும் துணிபோல இருந்தது. விவரமாகக் கடிதம் எழுதி முறையான வழியில் சமர்ப்பித்தேன். முறையான வழி என்பது நான்கு மேஜைகள். மேஜைக்கு ஒரு வாரம். ஆனால் அவசரமானால் முன்கூட்டி ஒரு நகலை நேரே அனுப்பலாம் என்று ஒரு விதி உண்டு. யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, எனக்கு இருந்தது. நகலோடு புன்னக்காயல் சீட்டுகளையும் வைத்தேன். அவற்றை மேலே காட்டலாமா என்று அந்த எழுத்தரைக் கேட்டிருந்தேன். "என் எண்ணு, நான் பார்த்தது. யாருக்கு வேணாலும் காட்டும். வேலை போனா வாரும், தோணிக்கு ஆள் வேணும்" என்று பதில் வந்தது. இணைப்புகளின் பட்டியலில் கடைசியாக எழுதினேன்: "தென்னை ஈர்க்கு, எட்டு." சர்க்கார் தபாலில் ஈர்க்கு போனது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பத்தாம் தேதிவரை பதில் இல்லை. கொடிக்கால்காரர் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார், இடுப்பில் கத்தியோடு.

"இன்னைக்கு வெட்டு நாளுல்லா. வாரும்."

"எனக்குக் காய்ச்சல் அண்ணாச்சி."

"வெள்ளரிக்கா மாதிரி குளுகுளுன்னு இருக்கீரு."

"சர்டிபிகேட் இருக்கு. வைத்தியர் கொடுத்தது. லீவு எழுதிக் கொடுத்தாச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாக்குக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போடுகிற ஆள் அல்ல அவர். நான் உத்தரவை எடுத்து, அளவு எடுப்பவரின் முன்னிலையில் என்ற இடத்தைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப நீரு இல்லாம வெட்டினா?"

"விதிக்கு விரோதம்."

"எத்தன நாளு இந்தக் காய்ச்சல்?"

"பத்து நாள்வரைக்கும் இருக்கலாம். அதுக்கு மேல வேற படிவம்."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பையப் போனார்.

ஆறோ ஏழோ நாள் கழித்துத் துரையே வந்துவிட்டார். அவர் கச்சேரியில் இறங்கிய சேதி கேட்ட நிமிஷமே எனக்குக் காய்ச்சல் விட்டது, ஓடிப்போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் கொடிக்காலுக்கு நடந்தார். வேலியருகே நின்று, தமிழ்ப் பரீட்சை தேறின தமிழில் கொடிக்கால்காரரைக் கேட்டார்: "ஐயா, யான் உள்ளே பிரவேசிப்பதற்குத் தங்கள் அனுமதி உண்டோ?" கொடிக்கால்காரர் என் பக்கம் சாய்ந்து, "கதை படிக்குத மாதிரில்லா பேசுதாரு. முங்கச் சொல்லும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். துரை ஒரு நிமிஷம் வாய்க்காலைப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி, கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, கால்சட்டையோடு முங்கினார். கரையில் நின்ற பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சொட்டச் சொட்ட உள்ளே வந்து பெட்டியைத் திறந்தார். முதலில் துடைக்காமல் பார்த்தார். பிறகு என் ஈரத் துண்டை வாங்கித் துடைத்துப் பார்த்தார். பிறகு குண்டு காயும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தார். மூன்று எண்களையும் தன் சின்ன நோட்டில் எழுதினார். ஈர விரல் பட்டு அந்தத் தாள் கிழிந்தது. வேறு தாளில் மறுபடி எழுதினார். நான் சேவைக் காலத்தில் கும்பிட்ட அதிகாரிகள் பலர். கும்பிடத் தோன்றியது அந்த ஒருவரைத்தான், அவர் இரண்டாந்தரம் எழுதியபோது.

உத்தரவு அன்றே ரத்தாயிற்று. அகத்தி நின்றது. சித்திரையும் வைகாசியும் அந்தக் கொடிகள் அதன் நிழலில் கிடந்து பிழைத்தன. நோய் எதனால் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வருஷமும் சில கொடிகள் பட்டன, சில படவில்லை. உள்ளே ஈரம் உண்டு, ஆனால் நாங்கள் சொன்ன அளவுக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது. மூன்று மாதக் கணக்கு பாழானதற்காக அல்ல; அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அளவுகளை அனுமதியின்றி வேறு ஆபீசோடு பரிமாறிக்கொண்டதற்கு எச்சரிக்கை. அதே தபாலில் இன்னொரு காகிதம்: இனிமேல் புன்னக்காயல் அளவுகளை மாதந்தோறும் மூன்று நகல்களில் முறைப்படி பெற்றுக்கொள்ள வேண்டும். முறைப்படி வந்தவை இரண்டு மாதம் பிந்தி வந்தன. மீன்கூடைச் சீட்டு நிற்கவில்லை. அடுத்த ஆடியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். அது துரையின் வேலை என்று தலைமைக் குமாஸ்தா சொன்னார். தன்னுடைய வேலை என்றும் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

விதிப்புத்தகத்தில், சுத்தமான என்பதற்குப் பக்கத்தில், உலர்ந்த என்று ஒரு சொல் சேர்ந்தது. அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய ஒரே சொல் அது. என் பெயர் இல்லாமல்.

நான் அந்த ஊரை விட்டு மாற்றலாகிப் போகும்வரை, படல் ஓரத்து மூங்கிலில் ஒரு காய்ந்த துண்டு தொங்கும். தினமும் வேறு துண்டு, வெயிலில் காய்ந்து மொறமொறப்பாக. யார் போட்டது என்று நான் கேட்டதில்லை. முங்கி, துவட்டி, உள்ளே போவேன். அவர் ஒரு ஈர்க்கோடு நிற்பார். எட்டு மணிக்கு நான் எழுதுவேன், அவர் ஒடிப்பார். நான் எண்ணைச் சொல்லிக் குழாயில் இடத்தைக் காட்டுவேன். அவர் ஈர்க்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். ஒடித்த ஈர்க்கை வேலியில் செருகிவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவார். என் கணக்கைச் சரிபார்த்து எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான்.